அணைக்கட்டிலிருந்து கழிமுகம் வரை: பொருநைக் கரையில் ஒரு நடைவழி

தாமிரபரணிக்கு ஒரு பெருமை உண்டு. பொதிகையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் கலக்கும் வரை, சுமார் 125 கிலோமீட்டரும் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடி முடிகிற வற்றாத ஆறு அது. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரைக்கும் பிறப்பும் முடிவும் ஒரே மாவட்டத்துக்குள் இருந்தன. இந்தப் பெருமையை நாம் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்த ஆற்றின் கடைசிப் பகுதியைக் காலால் நடந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நான் சொல்வது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து புன்னைக்காயல் கழிமுகம் வரை உள்ள தூரத்தை. ஆற்றின் வளைவு நெளிவுகளோடு சேர்த்தால் 25 முதல் 30 கிலோமீட்டர் வரும். பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். இந்தச் சிறிய தூரத்துக்குள் ஆதிச்சநல்லூர் இருக்கிறது, நவதிருப்பதிகள் இருக்கின்றன, கொற்கை இருக்கிறது, பழையகாயல் இருக்கிறது, புன்னைக்காயல் இருக்கிறது. முதுமக்கள் தாழியிலிருந்து தமிழ் அச்சுப் புத்தகம் வரை ஒரே வரிசையில் வருகிறது. பேருந்தில் போனால் இவை தனித்தனி ஊர்களாகத்தான் தெரியும். நடந்து போனால்தான் இவை ஒரே கதை என்பது புரியும். அந்தக் கதையைச் சொல்லவும், அந்தப் பாதை நம் கண் முன்னே அழிந்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்லவும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எனக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளிக்குப் பக்கத்தில் அரசலாறு ஓடும். வகுப்பிலோ லுவார் ஆற்றை மனப்பாடம் செய்வோம். பிரான்சிலேயே நீளமான ஆறு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், ழெர்பியே தெ ழோன் என்ற மலையடியில் பிறக்கிறது, அட்லாண்டிக் கடலில் கலக்கிறது, கரையில் இன்ன இன்ன ஊர்கள் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். அரசு வேலை கிடைத்துத் தூத்துக்குடிக்கு வந்தபோது, லுவாரின் கிளையாறுகள் எனக்குத் தெரியும், தாமிரபரணியின் கிளையாறுகள் தெரியாது. எழுத்தராக உட்கார்ந்து கோப்பு புரட்டிய வருடங்களில் இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் காகிதத்தில்தான் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் காலில் பார்த்தேன்.

ஓய்வுக்குப் பின் ஒரு கோடையில், ஓர்லேயான் நகரத்தில் குடியேறிவிட்ட என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருநாள் காலை அவன், "அண்ணே, நீங்க மனப்பாடம் பண்ணின ஆத்தோரமா நடக்கலாம் வாங்க" என்று அழைத்துப் போனான். கரையோரம் மரத்திலும் கல்லிலும் ஒரு வெள்ளைக் கோடு, அதன் கீழே ஒரு சிவப்புக் கோடு. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும், வழி தவறாது. பாதை திரும்பினால் கோடும் வளைந்து காட்டும். தப்பான வழியில் போனால் பெருக்கல் குறி போல ஒரு அடையாளம் வரும். திரும்பி விட வேண்டியதுதான். இப்படிப்பட்ட நெடும்பாதைகள் பிரான்ஸ் முழுவதும் இருக்கின்றன. இந்த முறையில் குறியிட்ட முதல் பாதையை 1947-இல், அந்த ஓர்லேயான் பக்கத்திலேயே, லுவார் கரையில்தான் தொடங்கினார்களாம். போர் முடிந்து இரண்டே வருடம். பாலங்கள் இடிந்து கிடந்த நேரத்தில் ஒரு சிலர் சாயச் சட்டியும் தூரிகையுமாகக் கிளம்பியிருக்கிறார்கள்.

எனக்கு அதில் பிடித்தது ஒன்று. அவர்கள் புதிதாகப் பாதை எதையும் போடவில்லை. படகுக்காரர்கள் நடந்த கரைப்பாதை, திராட்சைத் தோட்டத்துக்கு வண்டி போன பாதை, பக்கத்து ஊர்க் கோவிலுக்குப் போன ஒற்றையடிப் பாதை, இவற்றையெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்த்துக் குறி போட்டார்கள், அவ்வளவுதான். ரயில் வந்ததும் லுவாரில் படகு வாணிபம் செத்துப்போனது. பாதை மட்டும் சாகாமல் நின்றதற்குக் காரணம், அதில் யாராவது நடந்துகொண்டே இருந்ததுதான். 1983-இல் வந்த ஒரு சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டமும் தன் எல்லைக்குள் உள்ள நடைவழிகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்து வைக்கிறது. பட்டியலில் ஏறிய ஊர்ப் பாதையை யாரும் சத்தமில்லாமல் விழுங்கிவிட முடியாது. 2000-ஆம் ஆண்டில் லுவார் பள்ளத்தாக்கின் ஒரு பெரும்பகுதியை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அரண்மனைகளுக்கு மட்டும் கொடுத்த பெருமை அல்ல அது. ஆறும் ஊரும் வயலும் கரையும் சேர்ந்த அந்த நிலம் முழுவதற்கும் கொடுத்தது.

ஊர் திரும்பியதும் நம் ஆற்றங்கரையில் நடக்கத் தொடங்கினேன். ஒரே மூச்சில் அல்ல. தை, மாசி மாதங்களில், காலை வெயில் ஏறுவதற்குள் ஏழெட்டுக் கிலோமீட்டர் என்று நாலைந்து தவணையாக. அந்த வரிசையிலேயே உங்களையும் அழைத்துப் போகிறேன்.

திருநெல்வேலி - திருச்செந்தூர் ரயிலில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் இறங்கினால் அது தென்கரை. ஊர் இருப்பது வடகரை. நடுவில் அணைக்கட்டு. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் இதுதான் கடைசி, 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டியது. இங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. இதற்குக் கீழே உள்ள குளங்கள், வாழைத் தோட்டங்கள், நெல்வயல்கள் எல்லாம் இந்த இரண்டு கால்களின் தயவு. நடப்பவருக்கும் இந்த வாய்க்கால் கரைகள்தான் துணை. ஆற்றங்கரை அடைந்துகிடக்கும் இடத்தில் வாய்க்கால் கரைக்கு ஏறிக்கொள்ளலாம்.

கீழே நடக்கத் தொடங்குவதற்கு முன் தென்கரையில் மேற்கே கொஞ்ச தூரம் போய் ஆதிச்சநல்லூரைப் பார்த்துவிட வேண்டும். செம்மண்ணும் சரளையுமான பரம்பு அது. பயிர் ஏறாத மேட்டு நிலம். சுமார் 114 ஏக்கர். வயலாக்கக் கூடிய மண்ணில் ஒரு சாண் கூட வீணாக்காமல், ஒன்றுக்கும் உதவாத மேட்டில் இறந்தவர்களைத் தாழியில் வைத்திருக்கிறார்கள். நிலத்தின் மதிப்பு தெரிந்த ஜனங்கள். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டு போனார். பிறகு அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். அவர் எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 1904-ஐ ஒட்டி லூயி லாப்பிக் என்ற பிரெஞ்சு அறிஞரும் வந்து தோண்டி, சிலவற்றை பாரிசுக்கு எடுத்துச் சென்றார். நான் லுவாரைப் பற்றி ஒப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் என் ஆற்றங்கரைத் தாழியின் பொருள்கள் பாரிசில் இருந்திருக்கின்றன என்று பின்னால் நினைத்துச் சிரித்துக்கொண்டேன். இந்திய அகழாய்வுத் துறை 2004-இலும், அண்மையில் மறுபடியும் தோண்டியது. தோண்டிய குழிகளிலேயே தாழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டுப் பார்க்கும்படி 2023-இல் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவசியம் பாருங்கள். வடகரையில் பெருங்குளத்துக்குப் பக்கத்தில் உள்ள சிவகளையில், ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று சோதனையில் வந்ததை 2021-இல் அரசு அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இறந்தவருக்குச் சோற்றுக்கு நெல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மூவாயிரம் வருடத்துக்கு முன்பே இங்கே நெல் விளைந்தது என்றால், ஆற்றிலிருந்து வயலுக்குப் போக ஒரு பாதையும் இருந்திருக்க வேண்டுமே!

வடகரையில் ஸ்ரீவைகுண்டம் கள்ளபிரான் கோவிலிலிருந்து கிழக்கே நடந்தால் நத்தம், அடுத்து திருப்புளிங்குடி. அப்புறம் பெருங்குளம், இரட்டைத் திருப்பதி. ஆற்றைக் கடந்து தென்கரைக்குப் போனால் ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர், தென்திருப்பேரை. இவைதான் நவதிருப்பதிகள். இப்போது வேன் வைத்து அரை நாளில் ஒன்பதையும் பார்த்துவிடுகிறார்கள். வைகாசியில் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது கருட சேவை நடக்கிறதே, அப்போது மற்ற ஊர்ப் பெருமாள்கள் நம்மாழ்வாரைத் தேடி அங்கே எழுந்தருளுகிறார்கள். தோளில் சுமந்து வரும் பெருமாளுக்கு வரப்பும் வழிதான், வாய்க்கால் கரையும் வழிதான். பல்லக்கு வரும் வழியை எந்த நில உடைமைக்காரரும் அடைப்பதில்லை. திருவிழா என்பது சாமிக்கு மட்டுமல்ல, பாதைக்கும் வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற புதுப்பிப்பு என்று எனக்குத் தோன்றியது.

சைவத்தில் இதே ஆற்றுக்கு இன்னொரு கதை இருக்கிறது. அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் ஒன்பது தாமரைப் பூக்களை ஆற்றில் விட்டார். அவை ஒதுங்கிய இடங்களில் எல்லாம் சிவலிங்கம் வைத்தார். அவைதான் நவகைலாசம் என்பார்கள். முதல் பூ ஒதுங்கியது பாபநாசத்தில். ஸ்ரீவைகுண்டத்துக்கும் தென்திருப்பேரைக்கும் அதில் இடம் உண்டு. கடைசிப் பூ சேர்ந்த இடம் சேர்ந்தபூமங்கலம், கடலுக்குக் கிட்டத்தில். புராணம் என்று ஒதுக்காமல் பாருங்கள். மலையடியிலிருந்து கழிமுகம் வரை ஆறு எங்கே திரும்புகிறது, எங்கே ஒதுங்குகிறது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் மறக்காதபடி சொல்லி வைத்த வரைபடம் அது. பிரெஞ்சுக்காரர் மரத்தில் வெள்ளையும் சிவப்பும் பூசினார். நம் பெரியவர்கள் ஆற்றில் பூவை விட்டார்கள்.

தென்திருப்பேரையைத் தாண்டினால் நிலம் தட்டையாகிவிடும். வாழை, வாழை, எங்கும் வாழை. ஆத்தூர்ப் பக்கம் நெருங்க நெருங்க வெற்றிலைக் கொடிக்கால்கள். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடகரையில் ஏரல், ஆற்றங்கரையிலேயே அருணாசல சுவாமி கோவில். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சுற்று வட்டாரம் முழுவதும் கூடுகிற இடம். முன்பெல்லாம் அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் நடந்து வந்தவர்கள்தான்.

ஏரலைத் தாண்டிக் கொற்கைப் பக்கம் போகும்போதுதான் பாதை என்னைக் கைவிட்டது. வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்ற ஒரு பெரியவரிடம், "அண்ணாச்சி, இப்படியே கரையைப் பிடிச்சு உமரிக்காடு போயிரலாமா?" என்று கேட்டேன்.

"போலாம் சார். எங்க அய்யா காலத்துல இதுல மாட்டுவண்டியே போவும். இப்பம் நடுவுல முள்ளு அடச்சிக் கெடக்கு. ரோட்டைச் சுத்திப் போயிருங்க" என்றார். பிறகு என் கையிலிருந்த கம்பையும் தோளில் தொங்கிய பையையும் பார்த்துவிட்டு, "பஸ்ஸுதான் ஓடுதே, எதுக்கு இந்த வெயில்ல நடக்கிய?" என்று கேட்டார். பழைய வழியைப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "அப்பம் சீக்கிரம் பார்த்துருங்க" என்றார்.

கொற்கைக்கு வருவோம். பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்க மாலுமி ஒருவர் சுமார் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதி வைத்த கடல்வழிக் குறிப்பில் கொல்கி என்று இந்த ஊர் வருகிறது. பாண்டிய நாட்டைச் சேர்ந்தது, குற்றவாளிகளை வைத்து இங்கே முத்துக் குளித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். இன்று அங்கே போய் நின்றால் சுற்றிலும் வயலும் குளமும்தான். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு பழைய வன்னிமரம், வெற்றிவேல் அம்மன் கோவில், பக்கத்தில் அக்கசாலை என்ற சிற்றூர். அக்கசாலை என்றால் பொன் வேலை செய்யும் இடம், காசு அடிக்கும் இடம். ஊர் போனாலும் பெயர் போகவில்லை. தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69-இல் இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று வந்தது. உழுத நிலத்தில் குனிந்து பார்த்தால் சிப்பியும் சங்குத் துண்டும் இன்றைக்கும் கண்ணில் படும். கடல் இங்கே இருந்ததற்கு அந்த மண்ணே சாட்சி.

கடல் ஏன் போனது? இடையன்குடியில் இருந்த கால்டுவெல் ஐயர் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இதற்கு விடை சொல்லியிருக்கிறார். கடல் போகவில்லை, ஆறு நிலத்தைக் கொண்டுவந்து போட்டது. ஒவ்வொரு வெள்ளத்திலும் தாமிரபரணி மலையிலிருந்து வண்டலும் மணலும் கொண்டுவந்து கழிமுகத்தில் கொட்டியது. துறைமுகம் ஆழம் குறைந்து தூர்ந்தது. கப்பல் வர முடியாமல் போனதும் வியாபாரிகள் கடலுக்குக் கிட்டத்தில் காயலுக்கு இடம் மாறினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து பார்த்து வியந்தது அந்தக் காயலைத்தான். ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்ததாக எழுதியிருக்கிறார். அது இன்றைய பழையகாயல் என்று கால்டுவெல் நிறுவினார். காயல்பட்டினத்தார் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. ஆறு விடவில்லை. பழையகாயலையும் தூர்த்தது. அடுத்து, கழிமுகத்திலேயே புன்னைக்காயல்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் முத்துக்குளித்துறையில் காலூன்றியபோது புன்னைக்காயல் முக்கியமான இடமாக இருந்தது. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி வரை ஊர் ஊராக நடந்தே போனவர். அவருக்குப் பின் வந்த அன்றீக்கே அன்றீக்கஸ் பாதிரியார் இங்கே தங்கித் தமிழ் படித்து, தமிழில் புத்தகம் எழுதி அச்சிட்டார். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவருடையது. 1586-இல் வந்த அடியார் வரலாறு புன்னைக்காயலிலேயே அச்சானது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆதிச்சநல்லூரில் தாழியோடு தொடங்கிய நடை, அச்செழுத்தோடு கடற்கரையில் முடிகிறது.

ஆனால் கதை முடியவில்லை. புன்னைக்காயலையும் ஆற்று மணல் விடவில்லை. கடைசியில் துறைமுகம் ஒரு முடிவுக்கு வந்தது போல, ஆற்றையே விட்டுவிட்டு வடக்கே தூத்துக்குடிக்குப் போய்விட்டது. அங்கே ஆறும் இல்லை, வண்டலும் இல்லை; காற்றையும் அலையையும் தடுக்கத் தீவுகள் இருக்கின்றன. போர்ச்சுகீசியர், 1658-இலிருந்து டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று அங்கேயே நிலைத்தார்கள். 1974-இல் பெரிய துறைமுகம் என்ற தகுதியும் வந்தது. முத்துக்குளிப்பும் தூத்துக்குடியை நம்பியே நடந்தது. கடைசியாக 1955 முதல் 1961 வரை குளித்தார்கள். நம்மில் வயதானவர்கள் சிலர் அந்தச் சிப்பிக் குவியலையும் கூட்டத்தையும் பார்த்திருப்பீர்கள். அதோடு பார்கள் மூடின, பிறகு திறக்கவில்லை.

கொற்கை, காயல், புன்னைக்காயல், தூத்துக்குடி. நான்கு துறைமுகம், இரண்டாயிரம் வருடம், ஒரே காரணம். எந்த ஆறு துறைமுகத்தைக் கொடுத்ததோ அதே ஆறுதான் அதைத் துரத்தியது. துரத்திய மண்ணைத்தான் வாழைக்கும் வெற்றிலைக்கும் கொடுத்தது. கொற்கையில் இறங்கி, காயலுக்கு நடந்து, கழிமுகம் வரை போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கிலோமீட்டரும் சில நூறு வருடம். இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒரு செய்தியாகத்தான் இருந்தது. நடந்தபோது, காலுக்குக் கீழே இருப்பது முழுவதும் ஒரு காலத்தில் கப்பல் மிதந்த இடம் என்று உடம்புக்கே தெரிந்தது.

இப்போது பாதையைப் பற்றி. இந்தக் கரைவழிக்கு மூன்று எதிரிகள். முதலாவது சீமைக்கருவேலம். ஆள் நடமாட்டம் ஒரு வருடம் நின்றால் போதும், வழி மூடிவிடும். இரண்டாவது, வரப்பை ஒரு முழம் ஒரு முழமாக நகர்த்துகிற நம் பழக்கம். மூன்றாவது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தார்கள். ஏரல் வெளித்தொடர்பு இல்லாமல் துண்டாகிக் கிடந்தது. அந்த வெள்ளம் பல இடங்களில் கரையைத் தின்றுவிட்டுப் போனது. சாலை போனால் ஒப்பந்தம் விட்டுச் சரி செய்கிறார்கள். கரைப்பாதை போனால் கேட்க ஆளில்லை. ஏனென்றால் அதில் நடக்க ஆளில்லை.

ஆனால் நான் அரசாங்கக் காகிதத்தோடு வாழ்ந்தவன். எனக்கு ஒரு விஷயத்தில் நம்பிக்கை உண்டு. பிரான்சில் 1983-க்குப் பிறகு தயாரித்த பட்டியல் போன்ற ஒன்று நம்மிடம் வெகு காலமாகவே இருக்கிறது. கிராம வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வண்டிப்பாதை இரட்டைப் புள்ளிக்கோடாகவும், ஒற்றையடிப் பாதை ஒற்றைப் புள்ளிக்கோடாகவும் வரைந்திருக்கும். 'அ' பதிவேட்டில் பாதைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று புல எண்ணோடு எழுதியிருக்கும். அந்தப் பெரியவர் சொன்ன, மாட்டுவண்டி போன வழி இப்படி ஏதாவது ஒரு தாளில் கட்டாயம் புள்ளிக்கோடாக இருக்கும். தாளில் இருக்கிறது, தரையில் இல்லை. அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாதது சட்டம் அல்ல, காசு அல்ல. நடக்கிற கால்கள்தான்.

இதற்குக் கோடிக்கணக்கில் திட்டம் வேண்டாம். கரையில் தார் ஊற்றவும் வேண்டாம். ஊற்றினால் அடுத்த மாதமே லாரி வந்துவிடும். அணைக்கட்டிலிருந்து கழிமுகம் வரை உள்ள ஊராட்சிகள் தங்கள் எல்லைக்குள் உள்ள பாதைப் புறம்போக்கை ஒருமுறை அளந்து, முள்ளை வெட்டி, மைல்கல் போல ஒரு கல் நட்டு, அதில் அடுத்த ஊரின் பெயரையும் தூரத்தையும் எழுதினால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு நாள், ஆதிச்சநல்லூரிலிருந்து ஆழ்வார்திருநகரி வரை ஒரு வகுப்பு, கொற்கையிலிருந்து பழையகாயல் வரை ஒரு வகுப்பு என்று நடத்திக் கூட்டிப் போனால் பாதையும் பிழைக்கும், சரித்திரமும் பிழைக்கும்.

நடக்க நினைப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. மழைக்காலம் முடிந்து தை, மாசிதான் ஏற்ற காலம். விடியற்காலையில் தொடங்கி பத்து மணிக்குள் ஒரு ஊரில் ஒதுங்கிவிடுங்கள். தண்ணீர், ஒரு கம்பு, தலைக்குத் துண்டு. தனியாகப் போக வேண்டாம். ஆற்றில் தெரியாத இடத்தில் இறங்க வேண்டாம். பள்ளங்கள் எங்கே என்று ஊர்க்காரருக்குத்தான் தெரியும். வாழைத் தோட்டத்துக்குள் போக நேர்ந்தால் உடையவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. மோர் கொடுத்தவர்களைத்தான் பார்த்தேன்.

கடைசியாக, இந்த ஆற்றங்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் சிறுவயதில் பள்ளிக்கூடத்துக்கும், ஏரல் அமாவாசைக்கும், ஆழ்வார்திருநகரித் திருவிழாவுக்கும் எந்த வழியாக நடந்து போனீர்கள்? எந்த மரத்தடியில் திரும்பினீர்கள், எந்த மடையைத் தாண்டினீர்கள், எந்த இடத்தில் ஆற்றில் இறங்கி அக்கரை போனீர்கள்? ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, உங்களுக்குத் தெரிந்த மட்டும் படம் போட்டு, ஊர்ப் பெயரையும் வருடத்தையும் குறித்து வையுங்கள். பேரனோ பேத்தியோ இருந்தால், அந்தத் தாளோடு கிராம நிர்வாக அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். புள்ளிக்கோடு எங்கே இருக்கிறது என்று தாள் சொல்லும். அதில் நடந்தது எப்படி என்று சொல்ல நாம்தான் இருக்கிறோம். நமக்குப் பிறகு சொல்ல ஆள் கிடையாது.